ஏழு புள்ளி, நான்கு வரை
(சங்ககிரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கலாமா என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அதற்கு முதலில் கணினி வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அங்கே நான் மாறுபடுகிறேன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஈரோடு போகும் சாலையிலும் திருச்செங்கோடு போகும் சாலையிலும் தனியார் பள்ளி விளம்பரப் பலகைகளைப் பாருங்கள். எல்.கே.ஜி. முதலே கோடிங், ரோபோடிக்ஸ் என்று எழுதியிருக்கிறது. லாரி ஓட்டுகிறவரும் தறி ஓட்டுகிறவரும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள். தன் பிள்ளை தன்னைப்போல ராத்திரி முழுக்கக் கண்விழிக்கக் கூடாது என்ற ஆசை அது. அந்த ஆசைக்கு மரியாதை கொடுத்துத்தான் பேச வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில், ஆறு வயதில் செயலி செய்த குழந்தை, கோடிக்கணக்கில் விலை பேசப்பட்ட சிறுவன் என்றெல்லாம் தொலைக்காட்சியில் வந்த விளம்பரங்கள் அந்த ஆசையை எப்படிப் பயமாக மாற்றின என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். நான் பேசப் போவது அந்தக் கோடிங்கைப் பற்றியல்ல.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்தியவன். தமிழ்நாட்டுப் பாடநூலில் 2018 முதல் பதினோராம் வகுப்புக்கு சி++, 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான். நல்ல புத்தகங்கள் அவை. ஆனால் செய்முறைத் தேர்வு அறையில் நடப்பதைச் சொல்கிறேன். ரெக்கார்டு நோட்டில் உள்ள நிரல்களைப் பிள்ளைகள் மனப்பாடச் செய்யுள்போல உருப்போட்டு வந்திருப்பார்கள். அடித்து முடித்து ஓட்டிப் பார்த்தால் பிழை வரும். எத்தனையாவது வரியில் பிழை என்று திரையே சொல்லும். பிள்ளை அந்த வரியைப் பார்க்காது. மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கத் தொடங்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளையும் இதைத்தான் செய்யும். தன் தவறைத் தேடிப் பிடித்துத் திருத்தலாம் என்ற நினைப்பே அதற்கு வருவதில்லை. பதினொரு ஆண்டுகள் பள்ளியில் இருந்தும் அந்தப் பழக்கத்தை நாம் கொடுக்கவில்லை. பதினாறு வயதில் அதைப் புதிதாகக் கொடுப்பது பெரும்பாடு. எட்டு வயதில் கொடுப்பது எளிது. தொடக்கப் பள்ளியில் நிரல் வேண்டும் என்று நான் கேட்பதற்கு முதற்காரணம் இது. வேலைவாய்ப்பெல்லாம் பிறகு வருவது.

எப்படிக் கொடுப்பது? இங்கே கூடியிருக்கும் தாய்மார்களுக்கு முன்பே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மார்கழி வந்தால் வார இதழ்களில் கோலம் அச்சிடுவார்கள். கோலத்தின் கீழே ஒரே ஒரு வரி இருக்கும்: ஏழு புள்ளி, நான்கு வரை, ஊடுபுள்ளி. அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சங்ககிரியில் ஒருவரும் சிங்கப்பூரில் ஒருவரும் அச்சு மாறாமல் ஒரே புள்ளி வரிசையை வைத்துவிடுவார்கள். நடுவில் ஏழு புள்ளி. அதற்கு மேலும் கீழும் ஆறு, பிறகு ஐந்து, பிறகு நான்கு. நான்கு வந்ததும் நிறுத்து. ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே. நேர்ப்புள்ளி என்றிருந்தால் கதை வேறு. ஏழு புள்ளி, ஒன்று வரை, நேர்ப்புள்ளி என்றால் ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்று இரண்டிரண்டாகக் குறையும், புள்ளிக்கு நேராகவே புள்ளி வரும். எங்கே தொடங்குவது, எங்கே நிற்பது, ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு குறைப்பது: இந்த மூன்றையும் சொல்லிவிட்டால், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலையை ஒரே வரியில் சொன்னதாகிவிடுகிறது. கணினிக்காரர்கள் இதைச் சுழற்சி என்கிறார்கள். பதினோராம் வகுப்பில் இதே பாடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

இந்த வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு. ஆசிரியை பிள்ளைகளை இருவர் இருவராக முதுகோடு முதுகு சாய்த்து உட்கார வைத்தார். ஒருத்தியிடம் புள்ளிக் கோலப் படம். அடுத்தவளிடம் சிலேட்டும் பல்பமும். படம் வைத்திருப்பவள் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். மற்றவள் கேள்வி கேட்காமல், சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். நான் ஒரு சோடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஏழு புள்ளி வை. கீழே ஆறு வை" என்றாள். தோழி ஆறு புள்ளியையும் இடது ஓரத்திலிருந்து நேர் நேராக வைத்துவிட்டாள். "கீழே அஞ்சு, கீழே நாலு. இப்ப மேலே ஆறு வை." தோழி நான்கு புள்ளிக்கு மேலே, ஏற்கெனவே ஐந்து புள்ளி இருந்த வரியிலேயே ஆறைத் திணித்தாள். திரும்பிப் பார்த்து இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம்தான் சண்டை. நான் சொன்னதைத்தானே நீ செய்யணும் என்று ஒருத்தி. நீ சொன்னதைத்தான் செஞ்சேன் என்று மற்றவள்.

ஆசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை. "சொன்னதை எழுதிப் பாருங்க" என்றார். எழுதியதும் தெரிந்துவிட்டது. ஆறு புள்ளியை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மேலே போவதற்கு முன் நடு வரிக்குத் திரும்பு என்றும் சொல்லவில்லை. படம் வைத்திருந்தவள் மனத்தில் இருந்தது, சொல்லில் இல்லை. இரண்டு வாக்கியம் சேர்த்தாள்: "ரெண்டு புள்ளிக்கு நடுவுல வை." "மறுபடியும் ஏழு புள்ளிக்கு வா." அடுத்த தடவை கோலம் சரியாக வந்தது. மொத்தம் எத்தனை புள்ளி என்று ஆசிரியை கேட்டார். ஒரு பையன் 22 என்றான். அவன் மேல் பாதியை எண்ணவில்லை. சிலேட்டைப் பார்த்து அவனே 37 என்று திருத்திக்கொண்டான். யாரும் அவனைத் தப்பு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

கோலத்தைக் கணினியோடு நான் வலிந்து முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, அவருடைய துணைவியார் ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974-இல் கோலத்தையும் கணினியியலின் அணி இலக்கணங்களையும் இணைத்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். படங்களை எந்த விதிகளால் உண்டாக்கலாம் என்ற கேள்விக்கு நம் வாசல் படியிலிருந்து உதாரணம் எடுத்தார்கள். உலகத்துக் கணினி அறிஞர்கள் அதைப் படித்தார்கள். நம் தொடக்கப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை என்பது என் ஆதங்கம்.

குழந்தைகளுக்கான முதல் நிரல்மொழி லோகோ. 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபொய்ர்சைக், சிந்தியா சாலமன் முதலியோர் உருவாக்கினார்கள். திரையில் ஓர் ஆமை. இவ்வளவு தூரம் முன்னே போ, இவ்வளவு திரும்பு என்றால் கோடு போட்டுக்கொண்டே நகரும். பேப்பர்ட் அதற்கு முன் ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயிடம் சில ஆண்டுகள் பணியாற்றியவர். ஆமை தப்பான வழியில் போகும்போது குழந்தை வெட்கப்படாமல் ஏன் என்று யோசிக்கிறதே, அந்த யோசனைதான் கல்வி என்பது அவர் கண்டுகொண்டது. 2007-இல் எம்.ஐ.டி.யில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் வெளியிட்ட ஸ்க்ராட்ச் அதே வழியில் வந்தது. கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியதில்லை, கட்டைகளாக ஒன்றோடொன்று கோத்தால் போதும்.

நம் பள்ளிகளில் தவறுக்கு என்ன மரியாதை? சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அதோடு முடிந்தது. சங்ககிரியில் எத்தனையோ லாரிப் பட்டறைகள் இருக்கின்றன. வண்டி கிளம்பவில்லை என்றால் மெக்கானிக் வண்டிக்குப் பெருக்கல் குறி போடுவதில்லை. டேங்கிலிருந்து டீசல் வருகிறதா, ஃபில்டர் தாண்டி வருகிறதா, பம்பு வரை வருகிறதா என்று ஒவ்வோர் இடமாகக் கழற்றிப் பார்த்து, இதுவரை சரி, இதற்கு மேல்தான் கோளாறு என்று எல்லையைக் குறுக்கிக்கொண்டே போவார். அவர் மகன் கணக்கில் தவறு செய்யும்போது அதே முறையில் தேட அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? நிரல் பயிற்சி அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறது.

இனி, பலருக்கு வியப்பாக இருக்கக்கூடிய ஒரு செய்தி. இதற்கான பாடம் தமிழ்நாட்டில் புதிதாக எழுதப்பட வேண்டியதில்லை. எழுதியாகிவிட்டது. 2017-இல் தமிழக அரசு அமைத்த கலைத்திட்டக் குழுவுக்கு அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைவர். தமிழ்99 விசைப்பலகை உருவாவதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் அவர். கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ரா. ராமானுஜம் அந்தக் குழுவில் இருந்தார். அவர் கணினியியல் அறிஞர், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் நெடுங்காலம் உழைத்தவர். 2018, 2019 ஆண்டுகளில் வந்த புதிய கணக்குப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். தொடக்க வகுப்புகளிலிருந்தே தகவல் செயலாக்கம் என்று ஓர் இயல் இருக்கிறது. சின்ன வகுப்புகளில் சேகரித்தல், பிரித்தல், எத்தனை வழிகளில் செய்யலாம் என்று ஒன்றும் விடாமல் பட்டியலிடுதல். ஆறாம் வகுப்பில் மர வரைபடம். எட்டாம் வகுப்பில் ஃபிபனாசி எண்கள், மறைகுறியீடு. கணினி என்ற பேச்சே பெரும்பாலும் இல்லாமல், கணினியியலின் சிந்தனை முறை பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தியாவிலேயே துணிச்சலான பாடநூல் முயற்சிகளில் அது ஒன்று.

அந்த இயல் புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது. கடைசி இயலின் கதி ஆசிரியர்களுக்குத் தெரியும். பருவத் தேர்வு நெருங்கும், பாடத்தை முடித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும், பிள்ளைகளே வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம். ஆசிரியர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கிற பள்ளி நம் ஒன்றியத்தில் எத்தனை! அவர்களே எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு போட வேண்டும், அவர்களே காலை உணவு, சத்துணவு மேற்பார்வை பார்க்க வேண்டும். இடைநிலை ஆசிரியர் பட்டயப் படிப்பில் இந்த இயலை எப்படி நடத்துவது என்று அவர்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. புத்தகம் போய்ச் சேர்ந்த அளவுக்குப் பயிற்சி போய்ச் சேரவில்லை.

கருவி வந்து ஆள் வராத கதை இந்த நாட்டுக்குப் பழசு. 1984-இல் நடுவண் அரசு கிளாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, சுமார் 250 பள்ளிகளுக்கு இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. அந்த நாளில் அது பெரிய கனவு. ஆசிரியருக்குச் சில நாள் பயிற்சி. பழுதானால் பார்க்க ஆள் தொலைவில். திட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வேர் பிடிக்கவில்லை. இப்போது நம் அரசு 22,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை அமைத்திருக்கிறது, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் திரையில் காணொலி ஓட, பிள்ளைகள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அதில் நிரல் பாடம் எதுவும் இல்லை. சொல்கிறவராகப் பிள்ளை இருக்க வேண்டும், கேட்டுச் செய்வதாகக் கருவி இருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் எப்படி என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கே கணினியியல் கட்டாயப் பாடம். அந்தச் சின்ன வகுப்பில் கேட்பது, படிப்படியான கட்டளை என்றால் என்ன என்று தெரியுமா, எளிய நிரலில் பிழை கண்டு திருத்தத் தெரியுமா என்பதுதான். சிங்கப்பூரில் 2020 முதல் தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் நிரல் பயிற்சி உண்டு. எவ்வளவு நேரம் தெரியுமா? பத்து மணி நேரம். நம்மவர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கே அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து மணி நேரம் நம் தொடக்கப் பள்ளியிலும் ஒதுக்கலாம். நியூசிலாந்தின் டிம் பெல் முதலானோர் 1990-களிலேயே கணினி இல்லாமல் கணினியியல் கற்பிக்கும் பயிற்சிகளை வகுத்துவிட்டார்கள். ஐந்து அட்டைகள், அவற்றில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள். சில அட்டைகளைத் திருப்பி, சிலவற்றைக் கவிழ்த்து வைத்தால் 1 முதல் 31 வரை எந்த எண்ணும் வரும். மாதத்தின் எந்தத் தேதியும் அந்த ஐந்து அட்டையில் அடங்கும். தினமும் கரும்பலகையில் தேதி எழுதுகிற பிள்ளை, பக்கத்தில் அட்டையிலும் தேதியை வைத்துப் பார்க்கட்டும். ஒரு மாதத்தில் இரண்டடிமான எண் முறை பிடிபட்டுவிடும். ஏசிஎம் இந்தியா அமைப்பு 2016-இல் தொடங்கிய சிஎஸ்பாடசாலா இதுபோன்ற பயிற்சிகளை நம் நாட்டுப் பள்ளிகளுக்கு ஏற்பத் தொகுத்திருக்கிறது.

தமிழில் முடியுமா என்று ஒரு தயக்கம் எப்போதும் எழும். அமெரிக்காவில் வாழும் முத்தையா அண்ணாமலை, எழில் என்று தமிழிலேயே ஒரு நிரல்மொழியை உருவாக்கினார். 2013 அளவில் அது கட்டற்ற மென்பொருளாக எல்லோர் கைக்கும் வந்தது. என். சொக்கனோடு சேர்ந்து அதற்கு அறிமுக நூலும் எழுதினார். அச்சிடு என்பதற்குப் பதிப்பி. நிபந்தனையை முதலில் சொல்லி, பிறகு ஆனால் என்று வரும். தமிழ்ப் பிள்ளை வீட்டில் பேசுகிற வரிசை அது. எழிலில் எழுதி வேலை கிடைக்குமா என்று ஒரு பெற்றோர் கேட்டார். எட்டு வயதுப் பிள்ளைக்கு வேலை தேட வேண்டிய அவசரம் இல்லை. யோசிக்கத் தெரிந்த பிறகு பைத்தானின் முப்பது, நாற்பது ஆங்கிலச் சொற்களைக் கற்பது சில வாரத்து வேலை. யோசனையையும் ஆங்கிலத்தையும் ஒரே நாளில் தலையில் ஏற்றும்போதுதான் பிள்ளை மனப்பாடத்துக்கு ஓடுகிறது.

கணினி இல்லாமல் என்ன கணினிப் பாடம் என்று நினைக்கிற பெற்றோர் இளம்பிள்ளைப் பக்கம் ஒரு சேலைத் தறிக்குப் போய்ப் பாருங்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளை போட்ட அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். துளை இருக்கிற இடத்தில் பாவு இழை மேலே எழும், இல்லாத இடத்தில் எழாது. ஊடு ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை நகரும்; முந்தானையில் பூ விரியும். அட்டையில் ஒரு துளை தவறிவிட்டால் அந்தப் பூ வருகிற இடமெல்லாம் அதே குறை திரும்பத் திரும்ப வரும். நெய்தவர் துணியைத் தடவிப் பார்த்து, குறை எந்த இழையில் தொடங்குகிறது என்று எண்ணி, அது எந்த அட்டை என்று கண்டுபிடித்துத் திருத்துவார். ஜோசப் மரி ஜக்கார்டு பிரான்சின் லியோன் நகரத்தில் இந்தக் கருவியை 1804-இல் நிறைவாக்கினார். இதோ இந்தச் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதற்கு முந்தைய ஆண்டு அது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்கும் துளையட்டையால் கட்டளை கொடுக்கத் திட்டமிட்டார். அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹொலரித் என்பவர் துளையட்டைகளைக் கொண்டு விவரங்களை எண்ணிக் காட்டினார். கணினிக்கு மக்கள் நிரல் கொடுத்ததும் பல காலம் அட்டையில்தான். நம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நிரல் என்பது அந்நியச் சரக்கு அல்ல. அவன் அப்பாவைப் பள்ளிக்கு ஒரு நாள் அழைத்து வந்து, ஓர் அட்டையைக் காட்டிப் பேசச் சொல்லுங்கள். தன் அப்பா செய்வது அறிவு வேலை என்று அந்தப் பிள்ளை வகுப்பு நடுவே உட்கார்ந்து கேட்கட்டும்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தந்துவிடுகிறதே, இனி இதெல்லாம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் அதையே பாடமாகக் கொண்டுவரும் முயற்சிகளும் நம் மாநிலத்தில் தொடங்கிவிட்டன. நான் சொல்வது: அந்தக் கருவியிடம் வேலை சொல்கிறவருக்கு, தனக்கு என்ன வேண்டும் என்று பிசிறில்லாமல் சொல்லத் தெரிய வேண்டும், அது கொடுத்தது சரிதானா என்று சோதிக்கத் தெரிய வேண்டும். சிலேட்டில் ஆறு புள்ளியை எங்கே வைப்பது என்று சொல்ல மறந்த அந்தப் பெண் அன்று கற்றுக்கொண்டது அதைத்தான். பதினைந்து ஆண்டு கழித்து அவள் எந்தக் கருவியோடு பேசினாலும் அது உதவும்.

இதற்கு என் யோசனை எளியது. மூன்றாம் வகுப்பு வரை திரையே வேண்டாம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் படிக்கவும் எண்ணவும் பழகும் பருவம் அது. அங்கே கட்டளை விளையாட்டுகள் போதும். நான்காம், ஐந்தாம் வகுப்பில் கோலம், அட்டை, பட்டியல். ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில், இருக்கிற ஒரு கணினியில், இரண்டு பேர் சேர்ந்து ஸ்க்ராட்ச். ஒருவர் சொல்ல ஒருவர் செய்ய வேண்டும் என்பதால் இரண்டு பேருக்கு ஒரு கணினி என்பது குறையே அல்ல; எனக்கு அதுதான் சரியான அளவாகப் படுகிறது.

அறக்கட்டளைப் பெரியவர்கள் என்னிடம், பத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கணினி வாங்கித் தரலாமா என்று கேட்டார்கள். அந்த நல்ல மனத்துக்கு என் வணக்கம். இந்த ஆண்டு வட்டியை வேறொன்றுக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சங்ககிரி, மகுடஞ்சாவடிப் பக்கத்து இடைநிலை ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றை, உத்தமசோழபுரம் ஆசிரியர் கல்வி நிறுவனத்தாரோடு கலந்துபேசி நடத்துவோம். தகவல் செயலாக்க இயலை ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருமுறை நாமே செய்து பார்ப்போம். வருகிற ஆசிரியருக்கு வழிச்செலவும் சாப்பாடும், பள்ளிக்கு ஒரு கட்டு அட்டையும், சிலேட்டும், கோலமாவும். வரும் பங்குனியில் அதே ஆசிரியர்களை மறுபடி ஒரு நாள் கூட்டி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்போம். மூன்றாம் பருவம் ஜனவரி முதல் வாரத்தில் தொடங்குகிறது. அப்போது மார்கழி இன்னும் பத்து நாளாவது மிச்சம் இருக்கும். ஆசிரியர்கள் முதல் பாடத்தைப் பள்ளி வாசலிலேயே நடத்தலாம்.